தொழில் அறையில் ஈரமும் சூடும்: மழைக்கு முன்னே நாம் செய்ய வேண்டியவை



நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். ஜூன் மாதம் இடவப்பாதியில் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அருமனை, களியல், கடையால், பத்துகாணி பக்கமெல்லாம் மலையடிவாரம். மழைக்குக் கேட்கவே வேண்டாம். ரப்பருக்கும் வாழைக்கும் மரச்சீனிக்கும் இந்த மழை நல்லதுதான். ஆனால் குழுக் கடன் எடுத்து நாம் வாங்கிய தையல் மெஷினுக்கும், தைத்து அடுக்கிய துணிக்கும், காய வைத்த ரப்பர் ஷீட்டுக்கும் இதே மழைதான் எதிரி.

நம்மில் பலருக்கும் தனியாகத் தொழில் கூடம் கிடையாது. வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பு, ஸ்கூட்டர் நிறுத்தும் ஷெட், கார் விடுவதற்கென்று கட்டி இப்போது சும்மா கிடக்கும் இடம் இவைதான் நம்ம தொழில் அறை. "கதவு ஜன்னல் எல்லாம் அடச்சுத்தான் வச்சிருக்கோம். பிறகு எப்படி அக்கா மெஷினில் துரு பிடிக்குது?" என்று குழுக் கூட்டங்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஈரம் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் பணம் செலவழித்தால் செலவுதான் மிஞ்சும். வழி தெரிந்துவிட்டால் பாதி வேலை காசில்லாமலே முடியும்.

ஈரத்தால் நமக்கு என்ன நஷ்டம்?

பள்ளி திறக்கும் ஜூன் மாதம்தான் சீருடை தைப்பவர்களுக்கு வேலை அதிகம். மழையும் அப்போதுதான் தொடங்குகிறது. தைத்து மடித்து வைத்த சட்டையில் கறுப்புப் புள்ளி விழுந்தால் சோப்புப் போட்டாலும் எளிதில் போகாது. அது பூஞ்சணம். அப்படிப்பட்ட உருப்படியை யாரும் வாங்க மாட்டார்கள். கூலியும் போச்சு, துணிக்காசும் நம்ம தலையில்.

ரப்பர் ஷீட்டிலும் இதே கதைதான். சரியாகக் காயாத ஷீட்டில் பூஞ்சணம் பிடித்தால் தரம் இறங்கும். தரம் இறங்கினால் விலை இறங்கும். தேன் எடுக்கும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணி மையத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் தேனீ வளர்ப்பைப் பரப்பிய காலம் முதல் இது நம்ம பகுதியின் தொழில். காற்றில் ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டினால், திறந்து வைத்த நல்ல தேன்கூட காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். தண்ணீர் கூடிய தேன் நுரைத்துப் புளித்துவிடும்.

பொருள் மட்டுமல்ல, நம்ம உடம்பும் இதில் இருக்கிறது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள அறையில் இருப்பவர்களுக்கு ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லைகளும் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்காருவது நாம்தானே.

காற்றுக்குள் எவ்வளவு தண்ணீர்?

கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காற்றில் எப்போதும் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. சூடான காற்று அதிகத் தண்ணீரைத் தாங்கும். குளிர்ந்த காற்று கொஞ்சம்தான் தாங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் உள்ள பெட்டி அளவு காற்றை எடுத்துக்கொள்வோம். அது தாங்கக்கூடிய தண்ணீர் ஏறத்தாழ இவ்வளவு:

25 டிகிரி செல்சியஸில் 23 கிராம்
30 டிகிரியில் 30 கிராம்
35 டிகிரியில் 40 கிராம்

ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய தண்ணீரில் நூற்றில் 80 பங்கு இருக்கிறது என்று பொருள். பகலில் 30 டிகிரி சூட்டில் 80 சதவீத ஈரத்தோடு ஒரு காற்று வருகிறது. அதில் 24 கிராம் தண்ணீர் இருக்கும். அந்தக் காற்று 25 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும் சிமெண்ட் தரையிலோ மெஷின் இரும்பிலோ பட்டால் என்ன ஆகும்? 25 டிகிரியில் 23 கிராம்தான் தாங்க முடியும். மிச்சம் ஒரு கிராம் தண்ணீராக இறங்கும். தரை வியர்க்கிறது, இரும்பு வியர்க்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான். கூரை ஒழுகாமலே மெஷின் நனைவது இப்படித்தான்.

இதையே திருப்பிப் பாருங்கள். இரவில் 25 டிகிரியில் 23 கிராம் தண்ணீரோடு நிறைந்து நிற்கும் காற்று, பகல் வெயிலில் 35 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 58 சதவீதமாக இறங்கிவிடும். தண்ணீர் குறையவில்லை, தாங்கும் சக்திதான் கூடியது. ஷீட்டைப் புகைப்புரையில் 40 முதல் 60 டிகிரி சூட்டில் ஏறத்தாழ நாலு நாள் வைத்தால் காய்வது இதனால்தான். நம்ம அம்மச்சிகள் அடுப்புக்கு மேலே பரண் கட்டித் தேங்காயும் நல்லமிளகும் வைத்ததும் இதே கணக்குதான்.

எந்த வேலைக்கு எவ்வளவு ஈரம்?

எல்லாத் தொழிலுக்கும் ஒரே அளவு கிடையாது. சிவகாசியில் தீப்பெட்டியும் அச்சும் வளர்ந்ததற்கு அங்குள்ள வறண்ட காற்று ஒரு காரணம். கோயம்புத்தூரில் நூற்பு ஆலைகள் வளர்ந்ததற்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றும் உதவியது. காற்று வறண்டால் பஞ்சு நூல் அறுந்துபோகும். குழித்தறி நெசவுக்கும் கொஞ்சம் ஈரம் வேண்டும்.

ஏ.சி. மெஷின் பிறந்த கதையும் இதுதான். 1902-ல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழவில்லை. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் முதல் ஏ.சி. அமைப்பை வடிவமைத்தார். மனிதர் குளிர்ச்சிக்கு என்று வந்தது பிற்பாடு.

நம்ம தையல் அறைக்கும் பொருள் வைக்கும் அறைக்கும் 50 முதல் 60 சதவீதம் இருந்தால் நல்லது. 60-ஐத் தாண்டினால் இரும்பு துருப்பிடிப்பது வேகமாகும். 70, 75-ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலத்தில் நம்ம ஊரில் அறை முழுவதையும் 60-க்குள் வைப்பது கஷ்டம். அறையை முடிந்தவரை காய வைப்போம், விலை உயர்ந்த பொருளை மட்டும் பெட்டிக்குள் முழுக்கக் காப்போம்.

அளப்பதற்குச் சின்ன ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சூட்டையும் சேர்த்துக் காட்டும். குழுவுக்கு ஒன்று வாங்கினால் வாரம் ஒருவர் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். காசில்லாத வழி நம்ம சமையலறையிலேயே இருக்கிறது. சுத்தமான உப்பு, காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது கசியத் தொடங்கும். கல் உப்பில் வேறு உப்புகளும் கலந்திருப்பதால் இன்னும் முன்னாடியே கசியும். ஒரு சிரட்டையில் கொஞ்சம் கல் உப்பை மெஷின் பக்கத்தில் வையுங்கள். உப்பு கசிந்தால் துணியை எடுத்துப் பத்திரப்படுத்தும் நேரம் வந்துவிட்டது.

ஈரம் வரும் நாலு வழி

1. மேலே இருந்து: ஓடு உடைந்திருக்கும், ஷீட்டில் ஆணி அடித்த இடம் விரிந்திருக்கும். மழை பெய்யும்போதே உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். ஒழுகும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். வெயில் அடித்த பிறகு தேடினால் கிடைக்காது.

2. கீழே இருந்தும் சுவரில் இருந்தும்: மண்ணில் உள்ள தண்ணீர் சிமெண்ட் தரை வழியாக மேலே ஏறும். கண்டுபிடிக்க ஒரு சோதனை. இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டுங்கள். ஒரு பகலும் ஒரு இரவும் விட்டுப் பாருங்கள். தாளுக்கு அடியில் தண்ணீர் கோத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. தாளின் மேலே முத்துமுத்தாக நின்றால் காற்றிலிருந்து வருகிறது. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

3. வெளிக்காற்றில் இருந்து: மழை பெய்யும்போதும், இரவிலும், விடியற்காலையிலும் ஈரப்பதம் மிக அதிகம். அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி.

4. நாமே உள்ளே கொண்டு வருவது: பலர் கவனிக்காத வழி இது. 10 அடிக்கு 12 அடி, 9 அடி உயரமுள்ள அறையில், 30 டிகிரி சூட்டில், காற்று முழுக்க நிறைந்தாலும் மொத்தம் ஒரு லிட்டருக்குக் குறைவான தண்ணீர்தான் ஆவியாக நிற்கும். கையால் பிழிந்த ஒரு வாளித் துணியில் ஒன்றிரண்டு லிட்டர் இருக்கும். அதை அந்த அறைக்குள் கொடி கட்டிக் காயப் போட்டால் எங்கே போகும்? சுவரிலும் துணிக்கட்டிலும் மெஷினிலும்தான். சமையல் கேஸ் ஒரு கிலோ எரிந்தாலே ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். சிப்ஸ் வறுப்பதும் தையலும் ஒரே அறையில் வேண்டாம். நனைந்த ஸ்கூட்டர், குடை, பச்சை ஷீட், ஈர விறகு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

என்ன செய்யலாம்? செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவோம்

முதலில், ஈரப் பொருளைப் பிரியுங்கள். துணி காயப் போடுவது, அடுப்பு, ஷீட் தொங்கவிடுவது எல்லாம் வேறு இடத்தில். இதற்குச் செலவே இல்லை.

இரண்டாவது, எல்லாவற்றையும் தூக்கி வையுங்கள். துணிக்கட்டு, மாவு, பெட்டி எதுவும் தரையில் வேண்டாம். பலகையோ செங்கல்லோ கொடுத்து அரையடி உயரத்தில் வையுங்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். பின்னால் காற்று ஓடினால் சுவர் ஈரம் அலமாரிக்கு வராது.

மூன்றாவது, நேரம் பார்த்துத் திறங்கள். வெயில் அடிக்கும் நாளில் காலை 10 மணிக்கு மேல், மாலை 4 மணி வரை எதிரெதிர் ஜன்னல்களைத் திறங்கள். இருட்டும் முன் அடைத்துவிடுங்கள். மழை விட்டவுடன் வெயில் பளிச்சென்று அடித்தால் அவசரப்பட வேண்டாம். மண்ணிலிருந்து ஆவி எழும் நேரம் அது. முற்றம் உலர்ந்த பிறகு திறங்கள். மண் ஈரமோ உள் ஈரமோ அதிகமுள்ள அறையாக இருந்தால், நாள் முழுக்க அடைத்தே வைப்பதும் தப்பு. தினமும் கொஞ்ச நேரமாவது காற்று மாற வேண்டும்.

நான்காவது, கூரைத் தண்ணீரைத் தள்ளி விடுங்கள். இறவாரத்துத் தண்ணீர் சுவர் ஓரமாக விழுந்தால் அதுவே அடியில் ஊறி உள்ளே ஏறும். தகரப் பாத்தி வைத்துத் தண்ணீரைத் தூரத்தில் விடுங்கள். சுவரைச் சுற்றி மண் வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். சுவரோரம் குவித்த மண், விறகு, சருகை அகற்றுங்கள். புதிதாகத் தரை போடுபவர்கள் கான்கிரீட்டுக்கு அடியில் கனமான பாலித்தீன் ஷீட் விரிக்கச் சொல்லுங்கள். பிறகு செய்ய முடியாத வேலை அது. ஈரச் சுவரில் பெயிண்ட் அடித்து மறைப்பதில் பயன் இல்லை, உரிந்துவிடும். வழியை அடைத்து, சுவர் காய்ந்த பிறகுதான் பெயிண்ட்.

ஐந்தாவது, பெட்டிக்குள் காப்பு. ஊசி, பாபின், கத்தரிக்கோல், முடித்த உருப்படி இவற்றை இறுக மூடும் டப்பாவிலோ தகரப் பெட்டியிலோ வையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். சிலிக்கா ஜெல்லை மறுபடி சூடாக்கிக் காய வைத்துப் பயன்படுத்தலாம். திறந்த அறையில் இதை வைத்தால் பயன் இல்லை, மூடிய பெட்டியில்தான் வேலை செய்யும். நீற்றாத சுண்ணாம்பும் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 300 கிராம் தண்ணீர் இழுக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் கொதிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

தைத்த துணியை இஸ்திரி போட்டு, சூடு ஆறிய பிறகே பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். சூட்டோடு போட்டால் உள்ளே வியர்க்கும். மெஷினுக்கு வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் விட்டு, பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

ஈரம் நீக்கும் மின்சார மெஷின் கடைசியில்தான். நன்றாக அடைக்கக்கூடிய அறையில் மட்டும் அது உதவும். கதவு இடுக்கு, ஓட்டு இடுக்கு உள்ள சாய்ப்பில் வைத்தால் வெளிக்காற்றை உலர்த்திக்கொண்டே இருக்கும், கரண்ட் பில்தான் ஏறும். பொதுச் சரக்கு அறை வைத்திருக்கும் குழுக்கள் மட்டும் யோசிக்கலாம்.

சூட்டை என்ன செய்வது?

மார்ச் முதல் மே வரை தகர ஷீட்டுக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் கீழே உட்கார முடியாது. மழைக்கூரையையும் காற்றோட்டத்தையும் சேர்த்துக் கட்டியதற்கு தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். சரிந்த ஓட்டுக் கூரை, நீண்ட இறவாரம், மர அழிச் சுவர், நடுவில் முற்றம். மழை உள்ளே வராது, காற்று மட்டும் வரும். சூடான காற்று மேலே எழும்பி வெளியேற வழி இருக்கிறது.

நம்ம சாய்ப்பிலும் இதைச் செய்யலாம். உயரமான சுவரில் கூரைக்குச் சற்றுக் கீழே வலை அடித்த ஒரு திறப்பு விடுங்கள். எதிர்ச்சுவரில் தாழ்வாக ஒரு ஜன்னல் இருக்கட்டும். கூரைமேல் வெள்ளை அடித்தால் சூடு சில டிகிரி குறையும். கூரைக்கு உள்ளே முடைந்த ஓலைத் தட்டி கட்டினாலும் சூடு நேராக இறங்காது. ஆனால் அடுப்பும் இஸ்திரிப் பெட்டியும் உள்ள இடத்தில் ஓலை வேண்டாம். ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை. நம்ம வியர்வையை ஆற்றி உடம்பைத்தான் குளிர வைக்கிறது. ஆள் இல்லாத அறையில் அது ஓட வேண்டியதில்லை.

இவற்றைச் செய்யவே கூடாது

மூடிய அறையைக் காய வைக்க கரி அடுப்போ தணலோ வைக்காதீர்கள். கரிப்புகையில் வாசனை இல்லாத விஷவாயு உண்டு, உயிரைக் கொல்லும்.

ஈரச் சுவரில் உள்ள சுவிட்ச் போர்டை அப்படியே விடாதீர்கள். தொட்டால் சுரீர் என்று அடித்தால் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கரண்ட் கசிந்தால் தானே நிற்கும் ஆர்.சி.சி.பி. கருவி, 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது, மெயினில் கட்டாயம் இருக்கட்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைக்கவோ அறுக்கவோ காய்ந்த நிலையில் தேய்க்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

இந்த மாதக் குழுக் கூட்டத்துக்கு

கூட்டத்தில் இதை ஒருவர் வாசியுங்கள். தொழில் கடன் எடுத்த ஒவ்வொரு உறுப்பினரும் தன் அறைக்கு இந்த நாலு வழியில் எது பொருந்தும் என்று சொல்லட்டும். பிளாஸ்டிக் தாள் சோதனையை இந்த வாரமே செய்து, முடிவை அடுத்த கூட்டத்தில் சொல்லட்டும். ஊக்குநரும் பிரதிநிதியும் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பாத்தி வைக்க, ஓடு மாற்ற உள்கடன் தேவைப்படுபவர்களுக்கு மழைக்கு முன்னே கொடுத்தால்தான் பயன்.

இனிமேல் தொழில் கடன் விண்ணப்பம் எழுதும்போது மெஷின் விலையோடு நிறுத்த வேண்டாம். மெஷின் வைக்கும் இடத்தைச் சரிசெய்யும் செலவையும் சேர்த்து எழுதுங்கள். தவணை முடியும் மட்டும் மெஷின் ஓட வேண்டும் அல்லவா!